பேனாக் கட்டையில் கணுவும் வெடிப்பும்: எப்போது நிரப்புவது?

மரத்தில் உள்ள குறையை எப்படி அடைப்பது என்பது எனக்கு நன்றாகவே தெரியும் என்ற எண்ணம், ஓர் ஆலிவ் மரத் துண்டைக் கடையும் வரைதான் நீடித்தது. அந்தச் சதுரக் கட்டையின் ஒரு முகத்தில் கணு ஒன்றும், அந்தக் கணுவிலிருந்து மயிரிழையாகக் கிளம்பிப் பாதி நீளம் வரை ஓடிய வெடிப்பு ஒன்றும் இருந்தன. கடைவதற்கு முன்பே வெடிப்பில் மரத்தூளைத் திணித்து, சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காய்ந்த பின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குறை இருந்த இடமே தெரியாதபடி செய்துவிட்டேன். அதற்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று. மறுநாள் அதை லேத்தில் ஏற்றிக் கடையத் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள், நான் நிரப்பிய பகுதி முழுவதும் சுருளாகவும் தூளாகவும் காலடியில் உதிர்ந்துவிட்டது. அதற்குக் கீழே, முந்தைய நாள் நான் பார்த்தே இராத ஒரு பொந்து, பட்டைத் துணுக்கு ஒன்றைக் கவ்விக்கொண்டு எட்டிப் பார்த்தது.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கீழே விழப்போகிற மரத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாய்" என்றார். நான் உடனே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பேனாவுக்கு வழக்கமாக எடுக்கும் கட்டை 19 மில்லிமீட்டர் சதுரம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 361 சதுர மில்லிமீட்டர். நடுப்பகுதியை 11 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடைந்தால் மிஞ்சுவது சுமார் 95. பித்தளைக் குழாய் நுழைவதற்காகப் போடும் 7 மில்லிமீட்டர் துளை அதில் 38-ஐ எடுத்துக்கொள்கிறது. ஆக, நம் கையில் கடைசியாக நிற்பது 57 சதுர மில்லிமீட்டர் மரம். எடுத்துக்கொண்ட கட்டையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பேனாவின் இரு முனைகளிலோ, பித்தளைக்கும் கைவிரலுக்கும் இடையே இருக்கும் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளியே தெரியும் குறையில் பெரும்பகுதி எப்படியும் போய்விடும். உள்ளே ஒளிந்திருப்பதுதான் பேனாவின் மேற்பரப்பாக வரப்போகிறது. குறையை எதைக் கொண்டு நிரப்புவது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய கேள்வி, எப்போது நிரப்புவது என்பதே.

கடைவதற்கு முன்பே நிரப்பக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. துளையிடும்போதோ, லேத் சுழலும்போதோ கட்டையைப் பிளந்துவிடக்கூடிய வெடிப்பு என்றால், அதை முதலிலேயே கட்டிப்போட வேண்டும். அதை நான் நிரப்புதல் என்று எண்ணுவதில்லை. பலவீனமான கட்டைக்கு வலுவூட்டுவது, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் அழகு பற்றிய கவலை தேவையில்லை. தண்ணீர் போல் நெகிழ்ந்து ஓடும் சூப்பர் க்ளூவை வெடிப்பின் வாயில் விட்டால், அது தானாகவே உள்ளே இழுக்கப்பட்டுவிடும். பிறகு கட்டையைச் சுற்றி நூலையோ டேப்பையோ இறுகக் கட்டி, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுகிறேன்.

எது ஆபத்தான வெடிப்பு, எது வெறும் மேல்கீறல் என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நான் கடைப்பிடிக்கும் சோதனை எளிமையானது. கட்டையின் நான்கு முகங்களையும் இரு முனைகளையும் ஆவியாகும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்து வெளிறிவிடும். வெடிப்புக்குள் புகுந்த ஸ்பிரிட் மட்டும் உலரத் தாமதமாகும். அதனால் வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஈரமான கருங்கோடாகச் சில நொடிகள் தெளிவாகத் தெரியும். அந்தச் சில நொடிகளுக்குள் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு முகத்தில் தெரியும் கோடு எதிர்முகத்திலும் அதே உயரத்தில் தெரிந்தால், அந்தக் கட்டை ஏற்கெனவே இரண்டாகப் பிளந்ததுதான். பிளந்த செய்தி அதற்கு இன்னும் எட்டவில்லை.

வெடிப்பின் திசையையும் கவனிக்க வேண்டும். மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்கும் அளவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் பெரும்பாலான வெடிப்புகள், சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல, மையத்திலிருந்து வெளியே ஓடுகின்றன. மரத்தின் நடுச்சோறு, அதாவது தண்டின் நட்டநடுவில் இருக்கும் மென்பகுதி, உள்ளே சிக்கிய கட்டை இன்று நன்றாக இருந்தாலும் பின்னால் வெடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டு வளையத்தின் வளைவிலேயே ஓடி, ஓர் அடுக்கை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் வெடிப்பு வேறு வகை. மரம் நின்றிருந்த காலத்திலேயே உள்ளே பட்ட காயம் அது. ஆரக்கால் வெடிப்பைப் பல முறை காப்பாற்றியிருக்கிறேன். வளைய வெடிப்பைக் காப்பாற்ற முயன்றதில் பாதிக்கு மேல் லேத்திலேயே ஓடு பிரிவது போலக் கழன்று பறந்துவிட்டது. இப்போதெல்லாம் அத்தகைய கட்டையைக் கண்டால் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறேன்.

துளையிடும் கட்டத்தில் செய்யும் தவறுகள், மரத்தில் இல்லாத குறைகளையும் உண்டாக்கிவிடும். துளைமுனை வெளியேறும் இடத்தில் மரம் பிய்ந்து வருவது வழக்கம். ஆகவே கட்டையைக் குழாயின் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டு, துளைமுனை மறுபுறம் வெளிவருவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, அடிப்பகுதியை அறுத்துத் துளையைத் திறப்பது நல்லது. கருங்காலி போன்ற அடர்ந்த மரங்களுக்கு வெப்பம் எதிரி. துளைமுனையைச் சற்று நேரம் உள்ளேயே சுழல விட்டால், கட்டையைத் தொடும்போதே கையில் சூடு தெரியும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மறுநாள் காலையில் பார்த்தால் முனையிலிருந்து ஒரு கோடு ஓடியிருக்கும். அரை அங்குலத்துக்கு ஒரு முறை துளைமுனையை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட்டு, ஆறவிட்டுத் துளைப்பதால் இழப்பது ஐந்து நிமிடந்தான்.

குழாயை ஒட்டும் கட்டம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் குறையுள்ள மரத்தைப் பொறுத்தவரை பாதி வேலை உள்ளிருந்துதான் நடக்கிறது. அந்த ஆலிவ் பேனாவையே எடுத்துக்கொள்வோம். பொந்தை நிரப்பி, மெருகேற்றி, முடித்துவிட்டேன் என்று நினைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தபோது, வெடிப்பின் அடியில் ஒரு மஞ்சள் கோடு பளிச்சிட்டது. நிரப்பிய பொருள் சற்றே ஒளி ஊடுருவும் தன்மையுடையது. அதன் வழியே பித்தளைக் குழாய் தெரிந்தது. மேலிருந்து இனி எதைப் பூசினாலும் அதை மறைக்க முடியாது. அதன் பிறகு, குறையுள்ள எந்தக் கட்டையாக இருந்தாலும் குழாயை முதலில் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மரத்தின் நிறத்தைவிடச் சற்று அடர்ந்த வண்ணத்தைக் குழாயின் வெளிப்புறத்தில் மெல்லியதாகப் பூசி, நன்றாக உலர்ந்த பின்பே ஒட்டுகிறேன். வெளிறிய மரமாகவும் குறை பெரிதாகவும் இருந்தால், துளையின் உட்சுவரிலும் அதே வண்ணத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிவிடுகிறேன். வண்ணம் தடித்துவிட்டால் குழாய் நுழையாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒட்டுவதற்கு, குறையுள்ள கட்டையில் சூப்பர் க்ளூவை நான் பயன்படுத்துவதில்லை. அது பாதி வழியில் பிடித்துக்கொண்டு, குழாய் ஒரு முனையில் நீட்டிக்கொண்டே நின்றுபோனது எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம், சூப்பர் க்ளூ இடைவெளியை நிரப்பாது என்பதுதான். இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் பிசினான எபாக்சியில் மெதுவாக இறுகும் வகை, துளையின் சுவரில் திறந்திருக்கும் பொந்துகளுக்குள் புகுந்து, உள்ளிருந்து ஓர் அடித்தளத்தை அமைத்துவிடுகிறது. பின்னால் வெளியிலிருந்து நிரப்பும்போது நிரப்பு அதன் மேல் உட்காரும். ஐந்து நிமிட எபாக்சியில் குமிழிகள் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. எபாக்சிக்குள்ளேயே ஒரு சிட்டிகை அடர்நிறத் தூளைக் கலந்துவிட்டால், வண்ணம் பூசிய குழாயும் நிறமேறிய பிசினும் சேர்ந்து, வெடிப்பின் ஆழத்தை ஓர் இயற்கையான நிழல் போலக் காட்டும். குழாயின் இரு வாய்களையும் மெழுகாலோ களிமண்ணாலோ அடைத்துக்கொண்டு ஒட்டினால், பிசின் உள்ளே போகாது.

இனி கடைசல். குழிவுளியால் கட்டையை உருட்டையாக்கி, இறுதி அளவைவிட விட்டத்தில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும்போது லேத்தை நிறுத்திவிடுகிறேன். குறைகளைச் சரிசெய்வதற்கு உரிய நேரம் அதுதான் என்பதைப் பல கட்டைகளை வீணாக்கித் தெரிந்துகொண்டேன். அப்போது மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிட்டோம். வெளிப்பட வேண்டிய பொந்துகள் பெரும்பாலும் வெளிப்பட்டிருக்கும். நிரப்பியது வழிந்து கறை படிந்தாலும், அந்தக் கறை இறங்கிய மரம் கடைசி வெட்டில் போய்விடும். இதற்குக் குறைவாக மரம் விட்டால் கறை நிலைத்துவிடும். கூடுதலாக விட்டால் நிரப்பிய பிறகு புதிய பொந்து திறக்கும். சில மரங்களில், குறிப்பாகக் கட்டிமுட்டியாக வளர்ந்த முண்டு மரத்தில், கடைசி அரை மில்லிமீட்டரிலும் ஏதாவது திறக்கத்தான் செய்யும். அதற்கு மீண்டும் நிறுத்தி, மீண்டும் நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நிரப்புவதற்கு முன் பொந்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தளர்ந்த பட்டைத் துணுக்கு, மட்கிய நார், கடைந்த தூள் ஆகியவற்றின் மேல் என்ன பிசின் ஊற்றினாலும், அது குப்பையின் மேல் ஒட்டுமேயன்றி மரத்தில் ஒட்டாது. தடித்த ஊசியாலும் பழைய பல் துலக்கும் தூரிகையாலும் கிளறி, காற்றால் ஊதி எடுக்கிறேன். ஈட்டி, கருங்காலி போன்ற எண்ணெய்ப் பிசுக்குள்ள மரங்களை அசிட்டோனால் துடைத்து, உலர்ந்தவுடன் தாமதிக்காமல் நிரப்ப வேண்டும். விட்டுவைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும். இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் பட்டையை நான் பிடுங்குவதில்லை. நீர்மச் சூப்பர் க்ளூவை அதன் ஓரங்களில் இரண்டு சொட்டு விட்டால் அது கல்லாகிவிடும். கடைந்த பின் அதுவும் ஒரு அழகுதான்.

மரத்தூள் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, அதே மரத்தின் தூளை எடுத்து அடைத்தால் அதே நிறம் வரும் என்று நம்புவது. வராது. தூள் பிசினை முழுதாக உறிஞ்சிக்கொள்வதாலும், எல்லாத் திசைகளிலும் கிடக்கும் அதன் துகள்கள் ஒளியை வேறுவிதமாகத் திருப்புவதாலும், நிரப்பிய இடம் எப்போதும் மரத்தைவிட ஓரிரு சாயல் கறுத்தே தெரியும். மேப்பிள் போன்ற வெளிறிய மரத்தில் அது அழுக்குத் திட்டாகவே படும். இதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறேன். வெறும் மயிரிழை வெடிப்பாக இருந்தால், பொடித் தூளை விரல்நுனியால் உலர்வாகவே அழுத்தித் தேய்த்து, அதன் மேல் நீர்மச் சூப்பர் க்ளூவை ஒரே ஒரு சொட்டு விட்டு, அது உறிஞ்சப்பட்டதும் அடுத்த அடுக்கைத் தேய்க்கிறேன். மூன்று, நான்கு மெல்லிய அடுக்குகளில் கோடு நிரம்பிவிடும். அதுவே நகக்கண் அளவுக்கு மேற்பட்ட பொந்தாக இருந்தால், மறைக்கும் எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறேன். மரத்தோடு பொருந்த முயன்று தோற்ற நிறம் குறையாகத் தெரிகிறது. முழுக் கறுப்பாக நிரப்பிய பொந்தோ மரத்தின் கணுவைப் போலவே தெரிகிறது. உலர்ந்த காபித்தூள், கருங்காலித் தூள், கரித்தூள் ஆகிய மூன்றும் இதற்கு நன்றாக உதவுகின்றன. பித்தளைச் சீவல், நீலக்கல் தூள் ஆகியவற்றையும் முயன்றிருக்கிறேன். பார்ப்பவர்கள் அவற்றை வெகுவாகப் புகழ்வார்கள். என் ரசனைக்கு அவை கொஞ்சம் அதிகம். போதாக்குறைக்குக் கல்தூள் உளியின் முனையை ஒரே வெட்டில் மழுக்கிவிடும்.

நிறம் சரியா என்று பார்க்க, நிரப்பிய பின் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் நனைத்துப் பார்க்கலாம். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறந்தான், மெருகு ஏறிய பிறகு தெரியப்போகும் நிறத்துக்கு மிக அருகில் இருப்பது. உலர்ந்த மரத்தில் ஒத்துப்போவது போல் தெரிந்த நிரப்பு, மெருகின் அடியில் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றதைப் பார்த்த பின்புதான் இந்தப் பழக்கம் வந்தது. வெளிறிய மரங்களில் இன்னொரு முன்னெச்சரிக்கையும் தேவை. நீர்மச் சூப்பர் க்ளூ பொந்தைச் சுற்றியுள்ள இழைகளிலும் ஊர்ந்து, எண்ணெய் பட்டது போன்ற வளையத்தை உண்டாக்கும். பொந்தைச் சுற்றி அரக்கு மெருகை ஒரு கை பூசி உலரவிட்ட பின் நிரப்பினால், அது அவ்வளவு தூரம் ஊர்வதில்லை.

சூப்பர் க்ளூவின் குணத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். அது உலர்ந்து இறுகும் பொருளன்று. காற்றிலும் மரத்திலும் இருக்கும் துளி ஈரம் பட்டவுடன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகுகிறது. 1942-இல் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஆராய்ச்சியில் இந்த வகைப் பொருளைக் கண்டார். தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்ற காரணத்தாலேயே அப்போது அது ஒதுக்கப்பட்டது. பசையாக விற்பனைக்கு வந்தது 1958-இல்தான். அன்றைக்கு அவர்களுக்குத் தொல்லையாக இருந்த அதே குணம் இன்றைக்கு நமக்கு உதவுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தடித்த சூப்பர் க்ளூவைப் பொந்து நிறைய ஒரே முறையில் ஊற்றினால், மேல்தோல் இறுகி, உள்ளே நீர்மமாகவே நின்றுவிடும். உளி அதைத் தொடும்போது தோல் கிழிந்து, உள்ளிருப்பது சுழற்சியின் வேகத்தில் முகத்தில் தெறிக்கும். என் கண்ணாடியில் தெறித்த அந்தத் துளி இன்றைக்கும் அதே கண்ணாடியில் இருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை. விரைவாக இறுகச் செய்யும் தெளிப்பை அதிகமாக அடித்தால், நிரப்பு வெண்ணுரையாகப் பொங்கிக் குமிழிகளோடு உறைந்துவிடும். அப்படி ஆனால் தோண்டி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குவதே வழி.

பருத்தித் துணியால் சூப்பர் க்ளூவைத் துடைக்கக் கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சிந்தியதைப் பழைய பனியன் துணியால் துடைத்தபோது, சில நொடிகளில் துணியிலிருந்து புகை கிளம்பி விரல் சுட்டது. பருத்தி இழையின் மேல் அது வெகுவேகமாக இறுகுவதால் உண்டாகும் வெப்பம் அது. காகிதத் துண்டையே பயன்படுத்துங்கள்; அதையும் பந்தாகச் சுருட்டிக் கையில் வைத்திருக்காதீர்கள். ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தை நேர் மேலே கொண்டுபோகாமல் வேலை செய்வது நல்லது.

புழுத்துளைகள் பார்க்கச் சிறியவை, வேலையோ பெரியது. உளுத்த மரத்தின் வெளியே தெரியும் ஊசித்துளைக்குப் பின்னால், மாவு போன்ற எச்சம் நிறைந்த சுரங்கம் எந்தத் திசையில் திரும்புகிறது என்று சொல்ல முடியாது. முதலில் உள்ளே உயிரோடு எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளுக்குரிய பன்னாட்டு விதி, மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. பேனாக் கட்டை அளவுள்ள துண்டுக்கு அதைச் செய்வது எளிது. பிறகு மெல்லிய கம்பியால் மாவை வெளியே எடுத்து, அடர்நிற எபாக்சியை ஊசிக்குழலால் செலுத்துகிறேன். துளையின் இரு வாய்களும் திறந்திருந்தால் ஒரு வாயில் செலுத்தி, மறுவாயில் எட்டிப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாய் மட்டும் இருந்தால் காற்று அடைத்துக்கொண்டு பிசின் உள்ளே போகாது. அப்போது ஊசியை அடிவரை நுழைத்து, வெளியே இழுத்துக்கொண்டே செலுத்தினால் அடியிலிருந்து நிரம்பி வரும்.

பூஞ்சை பாய்ந்து கருங்கோடுகள் ஓடிய மரம் பேனாவுக்கு மிக அழகானது. புளிய மரத்தில் அந்தக் கோடுகள் மையால் வரைந்தது போல இருக்கும். வெவ்வேறு பூஞ்சைக் கூட்டங்கள் ஒன்றையொன்று எதிர்கொண்ட எல்லைகளே அந்தக் கோடுகள். ஆனால் கோட்டின் ஒரு பக்கம் உறுதியாகவும், மறுபக்கம் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மட்கியும் இருக்கலாம். இங்கே ஓட்டையை அடைக்கும் வேலை இல்லை. மரத்துக்கே எலும்பு வைக்கும் வேலை. சிறிய மென்பகுதியாக இருந்தால், கடையும்போது அவ்வப்போது நிறுத்தி, நீர்மச் சூப்பர் க்ளூவால் நனைத்து, இறுகவிட்டுத் தொடரலாம். கட்டை முழுவதும் மென்மையாக இருந்தால், வெற்றிடத்தில் பிசின் ஏற்றுவதே சரி. அதற்குக் கட்டையை 100 டிகிரிக்குச் சற்று மேலே, எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி, ஈரம் புகாமல் பைக்குள் வைத்து ஆறவிட்டு, பிசினில் மூழ்கடித்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். குமிழி வருவது நின்றதும் காற்றை உள்ளே விட்டு, அப்படியே பல மணி நேரம் ஊறவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி ஏறக்குறைய 90 முதல் 95 டிகிரி வெப்பத்தில் இறுக வைக்க வேண்டும். சமையலுக்குப் பயன்படும் அடுப்பில் இதைச் செய்யவே கூடாது. உலர்த்தும் கட்டத்தில் பொறுமை இழந்தவர்கள்தான், பிசின் உள்ளே போகவில்லை என்று பிசினைக் குறை சொல்கிறார்கள். நானும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். நீர் இருக்கும் இடத்தில் பிசின் எப்படிப் போகும்? இத்தகைய மரத்தின் தூளை முகமூடி இல்லாமல் சுவாசிப்பது கெடுதல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நிரப்பு நன்றாக இறுகிய பின் கடைசி வெட்டு. நிரப்பு மரத்தைவிடக் கடினமானது. மழுங்கிய உளி அதன் மேல் துள்ளி, அடுத்திருக்கும் மரத்தில் ஆழமாக இறங்கும். ஆகவே சாய்வுளியைப் புதிதாகத் தீட்டிக்கொண்டு, மிக மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். இதே கடினத்தன்மை வேறுபாடு உப்புத்தாள் போடும்போதும் வேலையைக் காட்டும். தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால், மென்மையான மரம் தேய்ந்து பள்ளமாகி, நிரப்பு மேடாக நின்றுவிடும்; கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலைச் சுழற்றினால் உடனே தெரியும். தாளின் பின்னால் தட்டையான சிறு மரத்துண்டை வைத்துத் தேய்ப்பதும், எவ்வளவு வேலையை உளியாலேயே முடிக்க முடியுமோ அவ்வளவையும் முடித்துவிட்டுத் தாளை எடுப்பதும் இதற்கு மருந்து. கடையும் அளவைக் காட்டுவதற்காகக் கட்டையின் இரு முனைகளிலும் வைக்கும் எஃகு வளையமான புஷ்ஷையும் தாள் சேர்த்துத் தேய்க்கும்போது உண்டாகும் கருந்தூள், வெளிறிய மரத்தின் நுண்துளைகளிலும் நிரம்பாத மயிரிழைகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நாமே ஒரு புதிய குறையை உண்டாக்கிவிட்டு, அதை மரத்தின் தலையில் போடுவோம். மேப்பிளைத் தேய்க்கும்போது புஷ்ஷுக்குச் சற்று முன்பே தாளை நிறுத்திவிடுவதும், ஒவ்வொரு எண் தாளுக்குப் பின்னும் தூளை ஊதிவிடுவதும் இப்போது என் பழக்கம்.

அந்த ஆலிவ் பேனாவை இறுதியில் கறுப்பு எபாக்சியால் நிரப்பி முடித்தேன். மஞ்சள் கோட்டை மறைக்க, வெடிப்பை மீண்டும் தோண்டிக் குழாய் வரை போக வேண்டியிருந்தது. முடித்ததைப் பெரியவரிடமே கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் வந்து, சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். "வேறு இடத்தில் விட்டிருக்கிறது பார்" என்றார். நான் நிரப்பிய கோடு அப்படியே இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் புதிய மயிரிழை ஒன்று ஓடியிருந்தது. "கட்டையை எடை போட்டாயா?" என்று கேட்டார். "இல்லை, ஐயா" என்றேன்.

உள்ளே ஈரம் மிஞ்சியிருந்திருக்கிறது. மரம் மெல்ல உலர்ந்து சுருங்கப் பார்த்திருக்கிறது. உள்ளே இருக்கும் பித்தளையோ சுருங்காது. நெருக்கடி வந்தபோது மிகக் கனம் குறைந்த முனை விட்டுக்கொடுத்துவிட்டது. அதன் பிறகு, எந்தக் கட்டை வந்தாலும் அதன் மேல் தேதியையும் எடையையும் எழுதி வைக்கிறேன். வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் இருந்தால்தான் துளையிடுகிறேன். துளையிட்ட பின்பும், குழாயை ஒட்டாமல் சில நாள்கள் சும்மா வைத்தால், உள்ளே புதிதாகக் காற்றுப் பட்ட மரம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வெடிக்க வேண்டியது அப்போதே வெடித்துவிடும், குழாயும் மிச்சம்.

முடிந்த பேனாவில் வெடிப்பு வந்தால், அதைக் கழற்றாமல் எதுவும் செய்ய முயலக் கூடாது. பொருத்திய உலோக முனைகளின் அழுத்தம் வெடிப்பைத் திறந்தே வைத்திருக்கும். பொருத்தமான தடிமனுள்ள கம்பியால் உள்ளிருந்து மெல்லத் தட்டி, முனைகளை வெளியே எடுத்தேன். எடுத்தவுடனேயே அந்த மயிரிழை பாதி மூடிக்கொண்டது. நீர்மச் சூப்பர் க்ளூவை ஊசிமுனையால் தொட்டு வைத்தபோது, கோட்டின் முழு நீளத்துக்கும் அது கறுத்து ஓடுவது தெரிந்தது. ஒரு நாள் கழித்து மீண்டும் மாண்ட்ரலில், அதாவது கட்டையைக் கோத்து லேத்தில் சுழற்றும் கம்பியில், ஏற்றி, வழிந்ததை மட்டும் சீவி, அந்தப் பகுதிக்குப் புது மெருகேற்றினேன். குழாயின் உள்வாயில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, முனைகள் முன்பைப் போல் இறுக்கமாக இல்லாமல் இலேசாக நுழையும்படி செய்து பொருத்தினேன். முதன்முறை நான் அவற்றை அழுத்திய அழுத்தமும் அந்த வெடிப்புக்கு உதவியிருக்கும் என்பது என் சந்தேகம்.

பெரியவர் மறுபடி வந்து பேனாவை வாங்கிக்கொண்டார். லென்ஸை வைத்துக்கொண்டு, சரிசெய்த கோட்டைத் தேடினார், அது கிடைத்துவிட்டது. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலை அந்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். எதுவும் தட்டுப்படவில்லை போலும். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தான் கொண்டுவந்திருந்த அடுத்த கட்டையை என் மேசை மேல் வைத்தார். அதுவும் ஆலிவ்தான். அதில் கணு இரண்டு இருந்தன.